நாலு புது போல்ட்டு

அதை அவரு முன்னாடியா கேப்பீங்க தம்பி? குத்தம் சொல்லல. நீங்க கோயம்புத்தூர்லருந்து வண்டி பாக்க வந்திருக்கீங்க, அடியில படுத்துத்தான் பாப்பீங்க. இதுக்கு முன்னாடி வந்தவய்ங்க எல்லாம் பெயிண்டத் தடவிப் பாத்தாய்ங்க, ஆரன அமுக்கிப் பாத்தாய்ங்க, டீயக் குடிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. நீங்க சட்டை அழுக்காகுறதக்கூடப் பாக்காம உள்ள பூந்துட்டீங்க. பூந்ததோட விட்டீங்களா, "அண்ணே, அடியில இருக்கறதெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு, முன் சக்கரத்துக்குப் போற சாப்ட்டுல மட்டும் நாலு போல்ட்டு புதுசா மினுங்குதே, ஏன்?"ன்னு சத்தமாக் கேட்டுட்டீங்க. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனா பக்கத்துல வெள்ளக் கைலியோட ஒருத்தரு நின்னாரு பாருங்க, அவரு முன்னாடி கேட்டுட்டீங்களே.

அவருதான் எங்க மச்சான், மொக்கராசு. என் சம்சாரம் பவுன்தாயியோட கூடப்பொறந்த அண்ணன். கேட்டீங்கள்ல, என்ன சொன்னாரு? "வண்டிமேல சந்தேகப்படாதீங்க தம்பி, நானே அந்த ஓடைக்கரை மேட்டுல ஏத்திக் காட்டுறேன்"னாரு. சொல்லிட்டு கேன எடுத்துக்கிட்டு சைக்கிள்ல டீசல் வாங்கப் போயிட்டாரு. தம்பி, அந்த மனுசன் போன ஆனி மாசத்துலருந்து ஸ்டேரிங்கத் தொடல. பஸ்ல போனாக்கூட டிரைவருக்குப் பின் சீட்டுல உக்கார மாட்டாரு. இன்னைக்கு உங்களுக்காக ஓட்டுறேங்குறாரு. உங்களுக்காக இல்ல, எனக்காக. என் வண்டி விலபோகாமப் போயிருமோன்னு.

பெட்ரோல் பங்கு கொஞ்சம் தூரம். அவரு வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். நீங்க உக்காருங்க. அந்த டயர்மேல உக்காராதீங்க, கரி ஒட்டும். இப்படி வாங்க.

நான் மளிகைக்கடைக்காரன் தம்பி. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுந்தெரியாது. இந்தப் போடியில ஜீப்பு வச்சிருக்கவன் கெத்தே தனி. விடிஞ்சதும் பாத்திருப்பீங்களே, தூக்குவாளியோட பொம்பளையாளுக வரிசையா நிப்பாக. ஜீப்புல ஏத்திக்கிட்டு மலை மெட்டு ஏறி, அந்தப் பக்கம் மலையாளத்து ஏலத்தோட்டத்துல எறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டியாறது. வருசம் பூரா ஆளு இருக்கும். கடையில உக்காந்து உளுந்து நிறுத்துக்கிட்டே அந்த ஜீப்புகள பாத்துக்கிட்டிருப்பேன். மச்சானும் அப்ப ஊரான் ஜீப்ப ஓட்டிக்கிட்டிருந்தாரு. வயசு முழுக்க மலையிலதான் ஓட்டுனாரு. ஒரு தடவ அவரு வண்டியில ஏறுன பொம்பளையாளு மறுநா வேற வண்டியில ஏறாது. அம்புட்டு பதனம். வழியில சேறு கண்டா நிறுத்திருவாரு, "எறங்கி நடங்க தாயி, மேல போயி ஏத்திக்கிறேன்"னு சொல்லிருவாரு. மத்த டிரைவருக இதுக்காகவே அவர கிண்டல் பண்ணுவாய்ங்க, மொக்கராசு வண்டியில ஏறுனா பாதித் தூரம் நடைதான்னு.

இந்த ஜீப்பக் கண்டுபிடிச்சதே அவருதான். ஒரு எஸ்டேட்டுல பங்களாவுக்குப் பின்னாடி, பலா மரத்தடியில கெடந்துச்சு. கொடி ஏறி, சீட்டுக்குள்ள கோழி அடைகாத்துக்கிட்டிருந்துச்சு. எஸ்டேட்டு கைமாறி, புது மொதலாளிக்கு இது வேணாம். மச்சான் ஓடி வந்து கடை வாசல்ல நின்னு மூச்சு வாங்குறாரு. "மாப்ளே, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. ஒரிஜினல். இந்தக் காலத்துல இப்படி ஒண்ணு கெடைக்காது. நீ வாங்கு, நான் ஓட்டுறேன். சாகுற வரைக்கும் ஓட்டுறேன்."

போயிப் பாத்தேன். எனக்கு அது வண்டியாவே தெரியல தம்பி, பழைய இரும்புக்குப் போடுற சாமானாட்டம் இருந்துச்சு. மச்சான் என்ன பண்ணாரு தெரியுமா? கோழிய அலுங்காம தூக்கி வெளிய விட்டாரு. டிரைவர் சீட்டுல உக்காந்தாரு. பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்துல சின்னதா இன்னொரு கம்பி இருக்கு பாருங்க, அதப் புடிச்சு முன்னுக்குத் தள்ளுனாரு. கடக்குன்னு விழுந்துச்சு. "இந்தா, இந்தக் கம்பிக்குத்தான் மாப்ளே காசு. இதத் தள்ளுனா முன் சக்கரமும் சேந்து இழுக்கும். சேறாவது சகதியாவது"ன்னாரு. அந்த மனுசன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். சரின்னுட்டேன்.

மூடைகள ஏத்துற லாரியில கட்டி இழுத்துக்கிட்டு வந்தோம். பங்குனி, சித்திரை பூரா வேலை. ரசாக் பாய் பட்டறைதான். எஞ்சின எறக்கி, பிஸ்டன மாத்தி, பிரேக்கு லைன் எல்லாம் புதுசாப் போட்டு. தரை ஓட்டையா இருந்துச்சு, தகரம் வெட்டி வச்சு ஒட்டினோம். பின்னாடி பாடிய நீட்டி, ரெண்டு பக்கமும் பெஞ்சு, கடைசியில ஏறுறதுக்கு படி. எல்லாம் சட்டத்துல இடமிருக்கான்னு கேக்காதீங்க, இங்க எல்லா வண்டியும் அப்படித்தான். கலருக்கு சண்ட. நான் செவப்பு வேணும்னேன், மச்சான் பச்சையின்னாரு. அவரு ஓட்டப்போறவரு, பச்சையே அடிச்சோம். பாருங்க, எப்படி இருக்குன்னு. நல்லா இருக்கில்ல? கடையச் சாத்திட்டு நேரா பட்டறைக்குத்தான் போவேன். மச்சான் மண்ணெண்ணெயில துணிய நனைச்சு ஒவ்வொரு நட்டா துடைச்சுக்கிட்டிருப்பாரு. பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து வேடிக்க பாப்பேன். என் வாழ்க்கையில அம்புட்டு சந்தோசமா இருந்த நாளு வேற இல்ல தம்பி. பொய் சொல்லல.

சித்திரையில வீரபாண்டித் திருவிழா. மச்சானுக்கு அக்கினிச்சட்டி நேத்திக்கடன். குடும்பத்தோட போயி அங்கயே தங்கிட்டாரு. அந்த சமயத்துலதான் ரசாக் பாய் அந்தப் பேச்ச எடுத்தாரு. சும்மா பேச்சுவாக்குல. "சுருளி, லைன்ல ஓடுற வண்டிக பாதிக்கு, முன் சக்கரத்த இழுக்க வைக்கிற சாப்ட்டக் கழட்டித்தான் போட்டிருக்காய்ங்க. முன் சக்கரம் சும்மா உருளும், டீசல் மிச்சமாகும், டயரு தேயாது. கோடையில நாலு சக்கரமும் இழுத்து என்ன ஆகப்போகுது?" அப்படின்னாரு.

இது உள்ளதுதான் தம்பி. நீங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாய்ங்க. எல்லாரும் பண்றதுதான். நான் ஒண்ணும் புதுசா பண்ணல.

கழட்டச் சொன்னேன். கழட்டுனாரு. "டிரைவர்கிட்ட மறக்காமச் சொல்லிருங்க, மழை வந்தா மாட்டிக்கலாம்"னாரு. சரின்னேன். சாப்ட்ட சாக்குல சுத்தி, விக்காம, பத்திரமா இந்தா, இந்தத் தகரச் செட்டுக்குள்ள வத்தல் மூடைக்குப் பின்னாடிதான் வச்சிருந்தேன். விக்கணும்னு நெனச்சிருந்தா வித்திருக்கலாம்ல? அத யோசிங்க. மழைக்கு முன்னாடி மாட்டணும்னுதான நெனச்சேன்.

மச்சான் திருவிழா முடிஞ்சு திருநீறும் கையுமா வந்தாரு. புதுப் பெயிண்டுல வண்டி நிக்குது. சாமி கும்பிட்டுட்டு, எலுமிச்சம்பழத்த சக்கரத்துக்கு அடியில வச்சு, மொத தடவையா ரோட்டுல எடுத்தாரு. நான் பக்கத்து சீட்டுல. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. அந்த நேரத்துல போயி "மச்சான், நீங்க எதுக்காக இந்த வண்டிய ஆசைப்பட்டீங்களோ அதக் கழட்டி மூலையில போட்டுட்டேன்"னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநா கடையில சரக்கு வந்திருச்சு. அதுக்கு மறுநா என்னமோ. தரை காஞ்சு கெடந்துச்சு, அந்த சின்னக் கம்பிய அவரு தொடவே வேண்டியதில்லாம இருந்துச்சு. தொடாதவரைக்கும் தெரியாது பாருங்க. கம்பி பாட்டுக்கு விழும், முன் சக்கரத்துக்கு மட்டும் ஒண்ணும் போகாது.

டீசல் மிச்சமாச்சு. அதான் கொடுமையே. மச்சான் ஸ்டாண்டுல மத்த டிரைவருககிட்ட சொல்றாரு, "நாலு சக்கர வண்டி டீசல குடிக்கும்பாய்ங்க, என் கைக்கு பாரு எப்படிக் குடுக்குதுன்னு." பெருமை தாங்கல. எனக்கு சிரிப்பா வந்துச்சு. அப்ப சிரிப்புத்தான் தம்பி வந்துச்சு. என்னத்தச் சொல்ல.

ஆனி பொறந்து மழை வழக்கத்துக்கு முன்னாடியே புடிச்சுக்கிச்சு. ராத்திரி பூரா மெட்டுக்கு மேல ஊத்தியிருக்கு. இங்க போடியில ஒரு பொட்டுத் தூறலு இல்ல. காலையில வானத்தப் பாத்தேன், மலை தெரியல, வெள்ளையா கெடந்துச்சு. பாத்தேன். அந்த சாக்கு மூட்டையும் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வந்துச்சுன்னு உங்ககிட்டதான் சொல்றேன். சாயங்காலம் வண்டி வந்ததும் பாய்கிட்ட விட்டுர வேண்டியதுன்னு நெனச்சுக்கிட்டு, கடையத் தொறந்து சாம்பிராணி போட்டேன்.

அங்க தோட்டத்து ஸ்டோருக்கு ஏறுற வழி செம்மண்ணு. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. வழக்கமா அந்த எடத்துல மச்சான் எல்லாரையும் எறக்கி நடக்க விட்டுருவாரு, சொன்னேன்ல. அன்னைக்கு நல்ல மழை. பொம்பளையாளுக எறங்கப் போனாக. இவரு தடுத்திருக்காரு. "எறங்க வேணாம் தாயி, நனைஞ்சுட்டு நாள் பூரா ஈரத்துல கெடக்கணும். இது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. உக்காருங்க." சொல்லிட்டு சின்னக் கம்பியத் தள்ளியிருக்காரு. கடக்குன்னு விழுந்திருக்கு. ஏறுனாரு.

பாதி மேட்டுல பின் சக்கரம் சுத்துச்சு. முன் சக்கரம் நின்னுருச்சு. வண்டி அப்படியே பின்னுக்கு வழுக்கி, பக்கவாட்டுல சரிஞ்சு, ஏலச்செடிக்குள்ள போயிக் கெடந்துச்சு. சாமி புண்ணியம், உசுருக்கு யாருக்கும் ஒண்ணுமில்ல. செராய்ப்பு, ரத்தக்கட்டு, ஒரு பிள்ளைக்குப் பல்லு ஒடஞ்சுச்சு. ஒச்சம்மான்னு கூலிக்குப் போற ஒரு பொம்பளையாளு, அதுக்குத்தான் கால்ல அடி. கடைசியில உக்காந்திருந்துச்சு, படிக்குக் கீழ மாட்டிக்கிச்சு. நாம நீட்டுனோம்னு சொன்னேன்ல, அந்தப் படி.

கால வெட்டல. கம்பி வச்சு நேராக்கிட்டாங்க. நடக்குது. ஆனா முட்டி மடங்காது. ஏலக்காய் எப்படிப் பறிப்பாகன்னு தெரியுமா? காய் மேல தொங்காது, தூருல தரையோட தரையா கெடக்கும். குத்தவச்சு உக்காந்து, நகந்து நகந்துதான் பறிக்கணும். முட்டி மடங்காதவள எந்தத் தோட்டத்துல சேப்பாய்ங்க? அதுக்கு புருசனும் இல்ல. ஒரே மகளு, அதையும் கட்டிக் குடுத்தாச்சு.

சேதி தெரிஞ்சு நான் போனப்ப மச்சான் ஆஸ்பத்திரி வாசல்ல சுவத்தோரமா உக்காந்திருந்தாரு. மேல பூராஞ் சேறு. என்னையப் பாத்ததும் எந்திரிக்கல, என் காலப் புடிச்சுக்கிட்டாரு. "மாப்ளே, கம்பி சரியா விழல மாப்ளே. நான் முழுசாத் தள்ளல. அவசரத்துல விழுந்துருச்சுன்னு நெனச்சுட்டேன். எறங்கப் போனவளுகள நான்தான் மாப்ளே உக்காரச் சொன்னேன்."

நான் வாயத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன் தம்பி. சொல்லிருவோம்னுதான். அந்த நேரம் பாத்து ஒச்சம்மாவோட மகளும் மருமகனும் அலறிக்கிட்டு ஓடி வந்தாய்ங்க. மச்சான் எந்திரிச்சு அந்த மருமகன் முன்னாடி போயி நின்னு, "என்னைய அடிங்க, தப்பு என்னோடது, வண்டி ஓனரு மேல ஒரு குத்தமும் இல்ல"ங்குறாரு. அவன் அடிச்சுட்டான். கன்னத்துல. நான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? அடி விழுந்த பிறகு சொன்னா, ஏன்டா அடி விழறதுக்கு முன்னாடி சொல்லலன்னு ஆகும்ல?

ஆஸ்பத்திரிச் செலவு பூரா நான்தான் பாத்தேன். யாரும் கேக்கல, நானா குடுத்தேன். அத ஊரே சொல்லும்.

வண்டியக் கட்டி இழுத்து இந்த செட்டுக்குக் கொண்டாந்து போட்டாச்சு. மச்சான் படுத்த படுக்கையா கெடந்தாரு. அந்த வாரம் நானே பாய்கிட்ட போயி, சாப்ட்ட மாட்டிக் குடுங்கன்னேன். பழைய போல்ட்டு எங்க போச்சுன்னு தெரியல, கடையில புதுசு வாங்குனேன். அந்த நாலுதான் நீங்க பாத்தது. பாய் மாட்டுனாரு. மாட்டி முடிச்சு கையத் தொடச்சுட்டு, "சொன்னீங்களா இல்லையா?"ன்னாரு. நான் கூலிய எடுத்து நீட்டுனேன். அன்னைக்கோட என் வண்டிய அவரு தொடறதில்ல, ரோட்டுல பாத்தாலும் முகத்தத் திருப்பிக்கிறாரு. வேலக்காரனுக்கு அம்புட்டுத் தலைக்கனம் ஆகாது தம்பி. கழட்டச் சொன்னதே அவருதான.

நீங்க எதுக்கு தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க? டீ ஆறுது பாருங்க.

இனிமேத்தான் கூத்தே. ஊருல என்னைய என்ன சொல்றாய்ங்க தெரியுமா? "சுருளி மாதிரி மாப்ளை கெடைக்கணும். புது வண்டியக் கவுத்துட்டு வந்து நின்னான் மொக்கராசு, ஒரு சொல்லு சொல்லலையே அந்த மனுசன்." கோயில்ல எனக்கு மொத திருநீறு குடுக்குறாய்ங்க. பவுன்தாயி இருக்காளே, கல்யாணமான நாள்லருந்து என்கிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்தவ. இப்ப மீன்கொழம்பு வச்சா நடுத்துண்டு எனக்குத்தான். "எங்கண்ணன ஒரு வார்த்த கேக்காம இருந்தீங்களே, அதுக்கே நான் காலம் பூரா உங்களுக்கு..."ன்னு ஆரம்பிச்சு அழுதுருவா. எனக்கு அந்த மீனு தொண்டையில நிக்கும். அவ முள்ளு குத்திருச்சோன்னு தண்ணி எடுக்க ஓடுவா.

நான் பேசாம இருந்தேன்ல, அதான் எல்லாத்துக்கும் காரணம். நான் பேசாம இருந்தத எல்லாரும் பெருந்தன்மைன்னு நெனச்சுட்டாய்ங்க.

மச்சான் டிரைவர் வேலைய விட்டுட்டாரு. ஏலக்காய் கடையில மூடை தூக்குறாரு, இந்த வயசுல. விடியக்காலையில எந்திரிச்சு ஒச்சம்மா வீட்டுக்குத் தண்ணி எடுத்து ஊத்திட்டுத்தான் வேலைக்குப் போறது. தலையில குடத்தோட ஆம்பள ரோட்டுல போனா ஊரு சும்மா இருக்குமா? சிரிக்கிறாய்ங்க. அவரு கண்டுக்கிறதில்ல. நம்ம செட்டுத் தாண்டித்தான் போகணும். இந்த வண்டியப் பாக்காம, அந்தப் பக்கம் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போவாரு. அதுக்குத்தான் விக்கிறேன். அவருக்காகத்தான். அவரு கண்ணுல படாம இருந்தா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்ல?

எனக்காகவுந்தான். சரி, எனக்காகவுந்தான் வச்சுக்கங்க. ராத்திரி தூங்க முடியல. கண்ண மூடுனா கடக்குன்னு சத்தம் கேக்குது.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு வந்து ஓட்டுறேன்னா, வேணாம், எனக்கு வண்டி புடிச்சிருக்குன்னு சொல்லிருங்க. ஏன்னு புரியுதுல்ல? இப்ப முன் சாப்ட்டு மாட்டியிருக்கு. அவரு அந்தக் கம்பியத் தள்ளுனாருன்னா முன் சக்கரம் இழுக்குறது ஸ்டேரிங்குலயே தெரிஞ்சிரும். அன்னைக்கு இழுக்கலன்னும் தெரிஞ்சிரும். அவரு மனசு தாங்காது தம்பி. நம்புன மாப்ள இப்படிப் பண்ணிட்டானேன்னு நொந்து போயிருவாரு. அவரு நோகக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

இந்தா வந்துட்டாரு. கேன் நெறைய வாங்கிட்டு வந்திருக்காரு பாருங்க. டீயக் குடிக்கிற மாதிரி இருங்க.

"மச்சான், தம்பிக்கு வண்டி புடிச்சுப் போச்சாம். ஓட்டிக் காட்டெல்லாம் வேணாங்குறாரு. அப்படித்தான தம்பி?"

"அது எப்படி மாப்ளே? கவுந்த வண்டின்னு தம்பிக்கு மனசுல ஒரு முள்ளு இருக்கும்ல. வெளியூருக்காரரு, ஏமாந்துட்டோம்னு நாளைக்கு நெனைக்கக் கூடாது. நீ உக்காரு."

நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி. பேசாம இருந்துட்டீங்க.

டீசல ஊத்திட்டு சாவியப் போடுறாரு பாருங்க. ஸ்டார்ட் ஆயிருச்சு. இத்தனை மாசம் சும்மா கெடந்தும் மொத அடியிலயே புடிச்சிருச்சு, வண்டி அப்படி. ஓடைக்குள்ள எறக்குறாரு. அங்க நேத்து தண்ணி விட்டது, முழங்கால் சேறு. அந்த மேட்டுல தண்ணி லாரியே ஏறாது. நிறுத்திட்டாரு. குனியுறாரு. கம்பியத் தள்ளுறாரு.

கேட்டுச்சா?

ஏறுது. பாருங்க, நாலு சக்கரமும் சேத்த வாரி எறியுது. கொஞ்சங்கூட வழுக்கல. அய்யோ, என்னமா ஏறுது. மேல போயிட்டாரு. எஞ்சின அமத்திட்டாரு. ஏன் எறங்க மாட்டேங்குறாரு? ஸ்டேரிங்குல நெத்திய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. தெரிஞ்சுபோச்சு தம்பி. தெரிஞ்சுபோச்சு. தெரியட்டும், எனக்கும் பாரம் விட்டுது. வர்றாரு. நீங்க எங்கயும் போயிராதீங்க, இங்கயே இருங்க.

"தம்பி, பாத்தீங்கள்ல? தங்கமான வண்டி. கம்பியத் தள்ளுன மறு நிமிசம் முன் சக்கரம் கவ்விருச்சு. கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க. வண்டிமேல ஒரு தப்பும் இல்ல."

"மச்சான், வாங்க, இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க."

"இரு மாப்ளே. இத்தன நாளும் மனசோரத்துல ஒரு நப்பாசை இருந்துச்சு. ஒருவேள வண்டியில என்னமும் கோளாறு இருந்திருக்குமோ, நம்ம மேல தப்பில்லையோன்னு. உன் வண்டிய நான் அப்படி சந்தேகப்பட்டேன் பாத்தியா. இன்னைக்கு கைய வச்சதும் தெரிஞ்சுபோச்சு. கம்பி சுத்தமா விழுது. நான்தான் மாப்ளே அன்னைக்குத் தள்ளல. நான்தான்."

"அப்படியெல்லாம் இல்ல மச்சான். விடுங்க."

"விடுங்க விடுங்கன்னுதான அன்னைலருந்து சொல்ற. ஒரு வார்த்த என்னைய நீ ஏசல. அதான் மாப்ளே எனக்கு ஆகல. ஒச்சம்மாகூட வஞ்சுருச்சு. என் பொண்டாட்டி வஞ்சுட்டா. வண்டிய எழந்தவன் நீ, நீ மட்டும் வையல. அது நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு. ஒரு தடவ ஏசிரு. தம்பி முன்னாடியே ஏசு. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"மச்சான், எந்திரிங்க. கால விடுங்க. நான் என்னத்த ஏச?"

"மனசுல இருக்கறத ஏசு."

"நீங்க கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

"அது ஏச்சா மாப்ளே? வாய் நெறைய ஏசு."

"நம்பி ஏறுனவகய்யா அம்புட்டுப் பேரும். கஞ்சிக்காக விடியக்காலையில எந்திரிச்சு ஓடி வந்தவக. உன்னைய நம்பி கால நீட்டி உக்காந்திருந்தா ஒச்சம்மா. உனக்கு என்னய்யா அவசரம்? ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் எடுத்துப் பாத்திருந்தா அவ கால் போயிருக்குமா? உனக்குத் தெரியும்ல? வானத்தப் பாத்தேல்ல? மழை பேஞ்சிருக்குன்னு தெரியும்ல? தெரிஞ்சும் பேசாம இருந்துட்டு, இப்ப தண்ணி தூக்கி ஊத்துனா சரியாப் போகுமா? நீயெல்லாம் ஒரு மனுசனா? சோறு எப்படிய்யா எறங்குது உனக்கு?"

"போதும் மாப்ளே. போதும். நீ நல்லா இருக்கணும். இப்பத்தான் எனக்கு மூச்சு வருது."

சைக்கிள எடுத்துட்டாரு. போறாரு பாருங்க தம்பி. முதுகு நிமுந்திருச்சு, பாத்தீங்களா? பாட்டுக்கூட என்னமோ முனங்குற மாதிரி இருக்கு. அவரு கேட்டாரு, குடுத்தேன். கேட்டதத்தான குடுத்தேன்? அவருக்கு நல்லதுதான நடந்துச்சு?

இந்தாங்க சாவி. ஏன் வாங்க மாட்டேங்குறீங்க? வண்டி பிடிக்கலையா? வண்டியில என்ன குத்தம், நீங்கதான் கண்ணால பாத்தீங்களே. பையத் தூக்கிட்டீங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு தம்பி, உக்காருங்க. என் மொகத்தப் பாத்துட்டுப் போங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. நீங்களாவது என்னைய ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போங்க. பேசாம இருக்காதீங்க.